சிங்க் பட்டனும் மலிவு ஃபேடரும்

"சிங்க் பட்டனை அமுக்குறவன் டிஜேயே இல்ல." இதைச் சொல்லாத சீனியர் டிஜேவை நான் பார்த்ததில்லை. சொல்பவர் பெரும்பாலும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2விலோ பயனியர் சிடிஜேவிலோ காதால் பீட்மேட்ச் பழகியவர். அதாவது ஃபேடரைத் தள்ளி, ஓடுகிற பாட்டின் வேகத்துக்கு அடுத்த பாட்டைக் கொண்டுவந்தவர். கேட்டுக்கொண்டு நிற்பவன் சேர்த்துவைத்த காசில் குட்டிக் கன்ட்ரோலர் வாங்கி லேப்டாப்பில் செருகியவன். இந்த இருவர் கையிலும் இருப்பது ஒரே ஃபேடர் இல்லை. சண்டையில் இதை யாருமே பேசுவதில்லை என்பதுதான் என் எரிச்சல்.

எம்கே2 வந்தது 1979இல். அதன் ஃபேடர் கூட்டியோ குறைத்தோ 8 சதவீதம் வரை போகும். அனலாக், படிக்கட்டே கிடையாது. மயிரிழை தள்ளினால் வேகமும் மயிரிழை மாறும். சிடிஜே-2000 டிஜிட்டல்தான், ஆனாலும் 6 சதவீத வரம்பில் ஒரு படி 0.02 சதவீதம். மலிவான கன்ட்ரோலர்கள் பலவும் ஃபேடர் நிற்கும் இடத்தை 7 பிட் மிடியில் அனுப்புகின்றன. கை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் மென்பொருளுக்குப் போய்ச் சேர்வது 0 முதல் 127 வரை ஏதோ ஒரு முழு எண். அவ்வளவுதான்.

கணக்குப் போடுவோம். மேலும் கீழும் 8 என்றால் மொத்தம் 16 சதவீதம். 127ஆல் வகுத்தால் ஒரு படி 0.126 சதவீதம், 120 பிபிஎம் பாட்டில் அது 0.15 பிபிஎம். வேண்டிய வேகம் இரண்டு படிகளுக்கு நட்டநடுவில் விழுந்தால் 0.075 பிபிஎம் பிசகும். ஒரே நிமிடத்தில் இரண்டு கிக்குகளுக்கும் இடையே சுமார் 38 மில்லிசெகண்டு இடைவெளி விழுந்துவிடும். 'டும்' என்று கேட்க வேண்டியது 'டுடும்' என்று கேட்கும். சிடிஜேவில் இதே கணக்கு 6 மில்லிசெகண்டு. மென்பொருளில் வரம்பு தெரியாத்தனமாக 50 சதவீதத்தில் இருந்துவிட்டாலோ போச்சு, ஒரு படியே கிட்டத்தட்ட 1 பிபிஎம்!

இப்போது அவனிடம் போய் "காதைத் தீட்டுப்பா" என்கிறீர்கள். அவன் காதுக்குத் தப்பு தெரிகிறது சார், திருத்தத்தான் படி இல்லை. உள்ளே வரும்போதே தொலைந்த துல்லியத்தைப் பயிற்சியால் மீட்க முடியாது. சென்சார் டேட்டாவோடு மல்லுக்கட்டிய எந்த இன்ஜினியரும் இதைச் சொல்வான்.

காதே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சிங்க், பாட்டு முழுக்க ஒரே வேகம் என்ற கட்டத்தை நம்பி ஓடுகிறது. எழுபதுகளின் டிஸ்கோவில் டிரம்ஸ் வாசித்தது மனிதர்கள். கோரஸ் வந்தால் கொஞ்சம் ஓடுவார்கள், அப்புறம் தளர்வார்கள். அங்கே கட்டம் பொய் சொல்லும். ஜாக் வீலைத் தொட்டுத் தொட்டு நகர்த்த வேண்டியதுதான். இதை மலிவுக் கன்ட்ரோலரிலும் செய்யலாம். வரம்பை 6 சதவீதத்துக்குக் குறை, மிச்சப் பிசகை ஜாக் வீலில் சரிசெய் என்று சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. சீனியர்கள் ஏனோ அதைச் சொல்வதில்லை.

கோபத்தில் பாதி கருவி செய்பவர்களுக்கும் சேரட்டும். அதே மிடியில் இரண்டு செய்திகளைச் சேர்த்து 14 பிட்டாக அனுப்ப வழி இருக்கிறது: 16,384 படிகள். பேட் எத்தனை, எஃபெக்ட் எத்தனை என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஃபேடர் எத்தனை பிட் என்று அச்சடித்த பெட்டியை நான் இன்னும் கடையில் பார்க்கவில்லை. வாங்கப் போகிறவர்கள் கேளுங்கள். கடைக்காரர் முழித்தாலும் பரவாயில்லை.