30 பெண்கள், ஒரு இசைக்குழு.. தாலிபான்களுக்கு என்ன பயம்? ஆப்கனின் 'ஸோஹ்ரா' கதை

தாலிபான் அரசை முதல் நாடாக ரஷ்யா 2025 ஜூலையில் அங்கீகரித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தாகி டெல்லிக்கு வந்தார். காபூலில் மீண்டும் முழு தூதரகம் திறக்கப்படும் என்று இந்தியா அறிவித்தது.

இப்படி ஒவ்வொரு நாடாக கைகுலுக்கத் தயாராகும் நேரத்தில், போர்ச்சுகலில் அடைக்கலம் புகுந்திருக்கும் ஒரு சின்ன இசைக்குழுவை யாரும் பேசுவதில்லை. அதன் பெயர் ஸோஹ்ரா. ஆப்கானிஸ்தானின் முதல் பெண்கள் ஆர்கெஸ்ட்ரா.

யார் இந்தப் பெண்கள்?

ஆர்கெஸ்ட்ரா என்றதும் நமக்குக் கல்யாண மண்டபத்து மெல்லிசைக் கச்சேரிதான் ஞாபகம் வரும். இது அது இல்லை. மேற்கத்திய சிம்பொனி குழுவில் 80, 100 பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதிலேயே சின்ன அளவு, சுமார் 40 பேருக்குள் இருப்பது சேம்பர் ஆர்கெஸ்ட்ரா. ஆள் குறைவு என்பதால் ஒருத்தர் சறுக்கினாலும் காதில் விழுந்துவிடும். ஸோஹ்ராவும் ஏறக்குறைய இந்த அளவுதான். சுமார் 30 பேர், பெரும்பாலும் பதின்ம வயதுப் பெண்கள்.

ஆனால் மேடையில் இருந்த வாத்தியங்கள் வேற. வயலின், செல்லோ, புல்லாங்குழல் பக்கத்திலேயே ருபாப், கிச்சக், சித்தார், தபலா. மல்பெரி மரத்தைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்திச் செய்யும் ருபாப்தான் நம்ம ஊர் சரோடுக்கு மூதாதை என்பார்கள். ஆப்கன் மரபிசையில் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் சேர்ந்து வாசிப்பார்கள். அதை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிப் பகுதியாகப் பிரித்து, குறியீட்டில் எழுதி, ஒரு பெண் முன்னால் நின்று கையசைக்க மற்றவர்கள் வாசிப்பது அந்த மண்ணுக்கே புதுசு. 2017 ஜனவரியில் டாவோஸ் உலகப் பொருளாதார மன்றத்தில் ஸோஹ்ரா வாசித்தபோது, குழுவை நடத்திய நெகின் கபல்வாக், ஜரிஃபா அதிபா இருவருமே இளம் பெண்கள்.

உண்மையில் தாலிபான்களை உறுத்தியது வாத்தியத்தைவிட இந்தக் காட்சியாகத்தான் இருக்க வேண்டும்.

எப்படித் தொடங்கியது?

1996 முதல் 2001 வரையிலான முதல் தாலிபான் ஆட்சியில் இசைக்கு முழுத் தடை. வண்டிகளில் பறிமுதல் செய்த கேசட்டுகளின் நாடாக்களை உருவி, சோதனைச் சாவடிகளில் தோரணம் மாதிரித் தொங்கவிட்டார்கள். அந்த ஐந்து வருஷம் குருவிடம் சீடன் உட்கார முடியவில்லை. புத்தகம் பார்த்துக் கற்கும் இசை இல்லை அது. உஸ்தாத் வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வது. ஒரு தலைமுறை விட்டுப்போனால் அவ்வளவுதான்.

அந்த அறுந்த கயிற்றை முடிச்சுப் போட வந்தவர் அஹ்மத் சர்மஸ்த். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இசையில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2010-ல் காபூலில் ஆப்கானிஸ்தான் தேசிய இசைக் கழகத்தைத் திறந்தார். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளி. ஆதரவற்ற குழந்தைகளுக்கும், தெருவில் பொருள் விற்றுப் பிழைத்த குழந்தைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. சித்தார், தபலா சொல்லிக்கொடுக்க இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் போனார்கள். இது புது உறவும் இல்லை. 19-ம் நூற்றாண்டிலேயே காபூல் அரசவைக்கு இந்திய இசைக்கலைஞர்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் குடியேறிய கராபாத் தெரு பிறகு ஆப்கன் இசையின் முகவரியாகவே ஆனது.

2014 டிசம்பரில் காபூலில் உள்ள பிரெஞ்சு கலாசார மையத்தில் ஒரு நாடகம் நடந்தது. தற்கொலைத் தாக்குதலைக் கண்டிக்கும் நாடகம். பார்வையாளர்களுக்கு நடுவே ஒருவன் குண்டை வெடிக்கவைத்தான். அதுவும் நாடகத்தின் ஒரு பகுதி என்றே சிலர் முதலில் நினைத்தார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த சர்மஸ்தின் தலையில் குண்டுச் சிதறல்கள் பாய்ந்தன, கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. சிகிச்சை முடிந்ததும் மறுபடி காபூலுக்கே திரும்பினார். ஸோஹ்ரா மேடை ஏறியது அதற்கப்புறம்தான்.

2021-ல் என்ன நடந்தது?

ஆகஸ்ட் 15-ல் காபூல் விழுந்தது. கபல்வாக் தன் வீட்டில் இருந்த கச்சேரிப் புகைப்படங்களையும் பத்திரிகைச் செய்திகளையும் குவித்துத் தீ வைத்ததாக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் சொன்னார். அந்தக் காகிதங்கள் கையில் கிடைத்தால் அவையே சாட்சியாகிவிடும் என்ற பயம். அது வீண் பயமும் இல்லை. அந்த மாதமே அந்தராப் பள்ளத்தாக்கில் நாட்டுப்புறப் பாடகர் ஃபவாத் அந்தராபி சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டது தாலிபான்கள்தான் என்றது குடும்பம்.

இசைக் கழகக் கட்டடத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் புகுந்தார்கள். கத்தாரின் உதவியோடு மாணவர்கள், ஆசிரியர்கள், குடும்பத்தினர் என 273 பேர் பகுதி பகுதியாக தோஹாவுக்கு வெளியேற்றப்பட்டு, டிசம்பரில் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா அம்மா இல்லாமல் தனியாக வந்த சிறுவர் சிறுமியர் அதில் பலர். பிறகு வடக்கே உள்ள பிராகா நகரத்தில் படிப்பு மீண்டும் தொடங்கியது.

மதம்தான் காரணமா?

தாலிபான் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இசை கூடுமா கூடாதா என்பதில் இஸ்லாமிய அறிஞர்களுக்குள்ளேயே பல நூற்றாண்டு விவாதம் உண்டு. கவ்வாலியால் பெயர் பெற்ற சிஷ்தி சூஃபி மரபு இருக்கிறதே, அஜ்மீர் தர்காவின் மரபு, அதற்கு அந்தப் பெயர் வந்ததே ஆப்கானிஸ்தானின் ஹெராத் மாகாணத்தில் உள்ள சிஷ்த் என்ற ஊரால்தான். அதே ஹெராத்தில் 2023 ஜூலையில் கிட்டார், ஹார்மோனியம், தபலா எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தினார்கள். இசை ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்பது அதிகாரிகள் சொன்ன காரணம்.

2024 ஆகஸ்டில் வந்த ஒழுக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பொது இடத்தில் பெண்ணின் குரலே கேட்கக்கூடாது என்கிறது. வண்டி ஓட்டுபவர் பாட்டு போடக்கூடாது. 6-ம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி ஏற்கனவே இல்லை. ஸோஹ்ரா மாதிரி ஒரு குழுவைத் தடை செய்ய இனி தனி உத்தரவுகூடத் தேவையில்லை.

வெளியே இருந்தால் போதுமா?

வெளியே இருப்பதும் சுலபமில்லை. 2024 மார்ச்சில் இவர்களின் ஆப்கன் இளைஞர் ஆர்கெஸ்ட்ராவுக்கு பிரிட்டன் முதலில் விசா மறுத்தது, எதிர்ப்பு கிளம்பியதும் அனுமதித்தது. அதே ஆகஸ்டில், ஒழுக்கச் சட்டம் வருவதற்குச் சில நாள் முன்னால், அந்தக் குழு நியூயார்க் கார்னகி ஹாலில் வாசித்தது.

கைதட்டல் நிறைய கிடைக்கிறது. ஆனால் கணக்கு வேற. காபூலில் இருந்தவரை வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள், மூத்த மாணவர்கள் ஆசிரியர் ஆனார்கள். பிராகாவில் அந்த வரவு இல்லை. வந்தவர்களின் கலை பிழைத்தது. ஆனால் காபூலில் இன்று பத்து வயதாகும் ஒரு பெண்ணுக்கு ருபாப் சொல்லிக்கொடுக்க அங்கே பள்ளி கிடையாது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, ருபாப் செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குரிய நாடுகளாக ஈரான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தானோடு ஆப்கானிஸ்தானின் பெயரும் இருக்கிறது. அந்த வாத்தியத்தை வெளிப்படையாக வாசிக்க முடியாத நாடு பட்டியலில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

இனி என்ன?

2024 ஜூன் கடைசியில் தோஹாவில் ஐ.நா. நடத்திய கூட்டத்துக்கு தாலிபான் பிரதிநிதிகள் முதல்முறையாக வந்தார்கள். பிரதான அமர்வுகளில் ஆப்கன் பெண்களுக்கு இடம் தரப்படவில்லை. முத்தாகியின் டெல்லி பயணத்திலும் முதல் செய்தியாளர் சந்திப்புக்கு பெண் பத்திரிகையாளர்கள் அழைக்கப்படவில்லை. கண்டனம் எழுந்த பிறகு நடந்த இரண்டாவது சந்திப்பில் அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். அழுத்தம் கொடுத்தால் கொஞ்சமாவது நகர்வார்கள் என்பதற்கு அது ஒரு உதாரணம். பெண்கள் பள்ளியும் இசைக் கழகமும் அந்த அழுத்தத்தில் சேருமா என்பதை, காபூலில் தூதரகம் திறக்கும் நாடுகள்தான் சொல்ல வேண்டும்.