ரிமோட் படகு நடுக்குளத்தில் நின்றால்



மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்கால் வழியாக எங்கள் ஊர்க் குளத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கூடவே எங்கள் தெருவுக்கு மூன்று ரிமோட் படகுகளும் வந்திருக்கின்றன. நம் காலத்தில் நோட்டுத் தாளைக் கிழித்துக் கப்பல் விட்டோம். இப்போது பெட்டி பிரித்த அன்றே பிள்ளைகள் குளத்துக்கு ஓடுகிறார்கள். ஓடட்டும், எனக்கு அதில் சந்தோஷம்தான். செல்போனைக் கீழே வைத்துவிட்டு வெயிலில் நிற்கிறார்களே!

ஆனால் படகு நடுக்குளத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று வாங்கிக் கொடுக்கும் யாரும் யோசிப்பதில்லை. அது நிற்கத்தான் செய்யும். பேட்டரி தீரும், ஆகாயத்தாமரை வேர் விசிறியில் சுற்றும், தூரம் அதிகமானால் சிக்னல் எட்டாது, அலையில் கவிழும். பெரியவர்களிடமிருந்து அப்போது இரண்டு விதமான பதில் வருகிறது. ஒன்று, "இடுப்பளவுதான் தண்ணி, இறங்கி எடுத்துட்டு வா." இன்னொன்று, "போனா போகட்டும் விடுடா, வேற வாங்கிக்கலாம்."

முதல் பதில் தவறு என்று எல்லோரும் ஒப்புக்கொள்வீர்கள். இரண்டாவது பதிலும் அதே அளவு ஆபத்தானது என்பது என் கருத்து.

34 வருடம் பிள்ளைகளோடு இருந்தவன் சொல்கிறேன். பத்து வயதுப் பையனிடம் "போகட்டும் விடு" என்றால் தலையாட்டுவான். வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். மதியம் மூன்று மணிக்கு நாம் கண்ணயர்ந்ததும் தனியாகக் குளத்துக்குப் போவான். படகு அங்கேயே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மிதந்துகொண்டிருக்கும். அப்போது கரையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடக் கிணற்றில் பந்து விழுந்தபோது "வேண்டாம், விட்டுடுங்கடா" என்று நான் சொல்லிவிட்டுப் போன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை, பிழைத்துப் போங்கள்.

ஆகவே படகை எடுக்கத்தான் வேண்டும். பெரியவர்கள் கூட நின்று, கரையிலிருந்தே எடுக்க வேண்டும்.

நீரில் மூழ்கி 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தைகள். ஜூலை 25ஆம் தேதியை இதற்கென்றே ஒரு தடுப்பு நாளாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. நமக்கோ அடுத்த சில நாட்களில் ஆடிப்பெருக்கு வந்துவிடும், ஆறு குளமெல்லாம் கூட்டமாக இருக்கும்.

"இடுப்பளவு" என்று சொல்கிறவர் எந்த வருடத்துக் குளத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள். மண் அள்ளிய பள்ளம் தண்ணீர் நிரம்பிய பிறகு வெளியே தெரியாது. ஓரடி இடுப்பளவு, அடுத்த அடி ஆள் மட்டம். அடியில் சேறு காலைப் பிடித்தால் இழுக்க இழுக்க இன்னொரு கால் இறங்கும். படித்துறையில் பாசி. கல்குவாரிக் குட்டை இன்னும் மோசம், கரை ஓரத்திலேயே ஆழம் தொடங்கிவிடும், பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. மூழ்குகிறவன் சினிமாவில் போலக் கத்துவதும் இல்லை. மூச்சு வாங்கவே வாய் போதாது, கூப்பிட எங்கே முடியும்? பத்தடி தள்ளி நிற்பவருக்குக்கூடத் தெரியாமல் முடிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரனின் படகு தாமரைக் கொடியில் மாட்டி நின்றது. அவன் ரிமோட்டை முழுக்க அழுத்திக்கொண்டே இருந்தான். அப்படி அழுத்தவே கூடாது. விசிறி சுற்றாமல் மோட்டாருக்குள் மின்சாரம் மட்டும் பாய்ந்தால் சூடேறிக் கருகிவிடும். ஒரு நொடி பின்னோக்கிச் சுற்றவிட்டால் சில சமயம் கொடி கழன்றுவிடும். இவனுக்கும் கழன்றது, ஆனால் அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. வேடிக்கை பார்த்த ஒருவர் வழக்கம்போல் "இடுப்பளவுதான்" என்று ஆரம்பித்தார். அவரைக் கையமர்த்திவிட்டு வீட்டிலிருந்து கயிறு எடுத்து வரச் சொன்னேன்.

ஆடி மாதம் என்பதால் மேல்காற்று. அப்படியே விட்டாலும் படகு கீழ்க்கரைக்கு ஒதுங்கத்தான் போகிறது. அவசரமில்லாதவர்களுக்கு அதுவே போதும்: காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தக் கரையில் போய் உட்கார்ந்து கடலை தின்னலாம். ஆனால் வழியில் இன்னும் கொடி இருந்ததால் இரு கரை முறையைக் கையாண்டோம். மேல்கரையில் நின்று, கயிற்றின் ஒரு முனையை நானும் மறுமுனையைப் பெரிய பேரனும் பிடித்துக்கொண்டோம். அவன் வடகரையிலும் நான் தென்கரையிலுமாகக் கிழக்கே நடந்தோம். கயிறு தண்ணீர்மேல் குறுக்கே கிடந்து நகர்ந்து, படகை வளைத்து முன்னால் தள்ளிக்கொண்டே போய்க் கீழ்க்கரைப் படியில் சேர்த்தது. கொடி தடுத்த இடங்களில் கயிற்றைத் தூக்கித் தாண்டவிட்டோம். 25 நிமிடம். ஒருவர் காலும் நனையவில்லை.

"இதுக்கு இவ்வளவு கலாட்டாவா சார்?" என்று அந்த வேடிக்கை பார்த்தவர் கேட்டார். ஆமாம் ஐயா, இவ்வளவு கலாட்டா வேண்டும்.

கயிறு மிதக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். நைலான் கயிறு தண்ணீரைவிடக் கனம், முழுகிவிடும். பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும். கடைக்காரரிடம் பெயர் கேட்டுக் குழம்ப வேண்டாம், ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பத்தடிக்கு ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கிக் கட்டிவிடுங்கள். குளத்தின் அகலத்தைவிடக் கயிறு நீளமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆள் ஒருவர்தான் என்றால் டென்னிஸ் பந்து. பந்தைத் துளைத்துத் தூண்டில் நரம்பைக் கட்டுங்கள். படகைக் குறிபார்த்து எறியாமல் அதைத் தாண்டி எறிந்துவிட்டு மெதுவாக இழுங்கள், நரம்பு படகின் மேல் படியும், பந்து வந்து விளிம்பில் மாட்டும். நாலைந்து தடவை தவறும், பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இன்னொரு படகு இருந்தால் அதன் மூக்கில் பஞ்சுக் கட்டை வைத்துக் கட்டி, நின்ற படகைத் தள்ளிக்கொண்டு வரவும் செய்யலாம். ஆனால் கொடியில் மாட்டிய படகை மீட்க இரண்டாவது படகை அனுப்பினால் கடைசியில் இரண்டையும் மீட்க வேண்டியிருக்கும்.

படகு முழுகாமல் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அதற்கு ஆர்க்கிமிடீஸ் இருக்கிறார். அரை கிலோ படகு என்றால் அரை லிட்டர் இடத்துக்குத் தெர்மோகோல் துண்டுகளை உள்ளே அடைத்துவிடுங்கள். தண்ணீர் முழுக்கப் புகுந்தாலும் மேலேயே நிற்கும். மோட்டார்மேலும் பேட்டரிமேலும் மட்டும் அடைக்காதீர்கள், சூடு வெளியேற வேண்டும். முழுகினால் ரிமோட் உதவாது, இந்த ரேடியோ அலை தண்ணீருக்குள் ஊடுருவாது.

இது புது விளையாட்டு என்று நினைக்காதீர்கள். நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரேடியோவால் ஓடும் சிறு படகைக் காட்டி ஜனங்களை வாய்பிளக்க வைத்தார். உள்ளரங்கத்தில் ஒரு தொட்டியில்தான் விட்டார், எடுப்பது சுலபம்!

"நீச்சல் கற்றுக்கொடுத்தால் போதாதா சார்?" என்று சென்னையில் இருக்கும் மாணவர் ஒருவர் கேட்டார். அவசியம் கற்றுக்கொடுங்கள். ஆனால் நீச்சல் குளத்தில் கற்ற நீச்சலுக்குத் தாமரைக் கொடி தெரியாது. யாராவது தவறி விழுந்தாலும் பின்னால் குதிப்பதைவிட எதையாவது வீசுவதுதான் நல்லது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் காப்பாற்றினார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை.

படகை எடுத்த பிறகு ஒரு வேலை பாக்கி. உடனே சார்ஜில் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, படகின் மூடியைத் திறந்து நிழலில் காயவையுங்கள். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் அதை மறுபடி பயன்படுத்தவே வேண்டாம், வீட்டுக்குள்ளும் வைக்க வேண்டாம்.

எங்கள் கயிற்றின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பாட்டில் கட்டும் முடிச்சு புரியாதவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் போன் செய்யுங்கள், செய்து காட்டுகிறேன். பகலில் வேண்டாம், பேரன்களோடு குளத்தங்கரையில் இருப்பேன்.