கை மிகுந்தும் வினை முடியாதது ஏன்?

ஆள் பலர் கூடினால் வேலை விரைந்து முடியும் என்பர். மண் சுமக்கும் வேலைக்கு அது பொருந்தும். அறிவால் நெய்யும் வேலைக்குப் பொருந்தாது. மென்பொருளாக்கம் அத்தகைய நெசவு. ஒருவர் எழுதும் நிரல் மற்றவர் நிரலோடு இழைக்கு இழை பொருந்துதல் வேண்டும். அளவின்றி ஆள் கூடின், இழையினும் சிக்கலே மிகும்.

இதனை 1975-ஆம் ஆண்டிலேயே நூலெழுதி விளக்கியவர் பிரெடு புரூக்சு. ஐ.பி.எம். குழுமத்தின் 360 வரிசைக் கணிப்பொறிகளுக்கான இயக்க மென்பொருட் பணியை முன்னின்று நடத்தியவர் அவர். காலந்தாழ்ந்த மென்பொருட் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அஃது இன்னும் தாழும் என்பது அவர் கண்ட பட்டறிவு. புதியவர்க்குப் பழையவர் கற்பிக்க வேண்டும். கற்பிக்கும் பொழுதெல்லாம் அவர்தம் வேலை நிற்கும். ஆண்டின் நடுவே புதிய மாணாக்கர் பதின்மர் வந்து சேர்ந்தால் பாடம் என்னாகும் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

அறிந்தும் உலகம் திருந்திற்றா? 2013 அக்டோபர் 1-ஆம் நாள் அமெரிக்க நடுவணரசு நலவாழ்வுக் காப்பீட்டுக்கென ஒரு வலைத்தளத்தைத் திறந்தது. மக்கள் வெள்ளமெனத் திரண்டனர், தளம் முடங்கிற்று. முதல் நாளில் பதிவை முற்றும் முடித்தவர் எத்துணைப் பேர்? அறுவர்!

பணத்துக்குக் குறைவா? இல்லை. ஆளுக்குக் குறைவா? அதுவும் இல்லை. ஒப்பந்தம் பெற்ற குழுமங்கள் மட்டும் ஐம்பதுக்கு மேல். ஆயினும் முழுமைக்கும் பொறுப்பேற்று நின்றவர் ஒருவரும் இலர். தொடக்கம் முதல் முடிவுவரை தளத்தை ஒருசேர ஆய்ந்து பார்த்த வெள்ளோட்டம், திறப்புக்கு முந்திய இரண்டு கிழமைகளில்தான் நடந்தது. உறுப்புகளைத் தனித்தனியே செய்துவிட்டு, உயிர் தானே வரும் என்று காத்திருந்தனர்!

மீட்டது எது? சிறியதொரு வல்லுநர் குழு. அதனுள் ஒருவரான மைக்கி திக்கர்சன் வகுத்த நெறிகள் எளியன. கூட்டம் சிக்கலைத் தீர்ப்பதற்கே; பழி சுமத்துவதற்கன்று. பேச வேண்டியவர் அச்சிக்கலை நன்கறிந்தவர். உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவர் அல்லர். தளத்தின் நாடித்துடிப்பை நொடிதோறும் அளந்தனர். பிழைகளை வரிசைப்படுத்தி நானூற்றுக்கு மேல் களைந்தனர். அக்டோபர் இறுதியில் எட்டு நொடி எடுத்த தளம், நவம்பர் இறுதியில் ஒரு நொடிக்குள் விடையளித்தது. 2014 ஏப்பிரலுக்குள், மாநிலத் தளங்களையும் சேர்த்து, 80 இலக்கத்துக்கு மேற்பட்டோர் காப்பீட்டுக்குப் பதிவு செய்தனர்.

குழு நடத்தும் தலைவர்களே! உம் கீழ் வேலை செய்யும் இளைஞன், 'ஐயா, இது இன்னும் ஒழுங்காகவில்லை' என்று அஞ்சாமல் சொல்ல இடமுண்டா? சொன்னவனை வாயடைத்துவிட்டு, குறித்த நாளில் திறப்புவிழாக் கொண்டாடுவது எவரை ஏமாற்ற? முடங்கிய தளத்தின் முன் காத்துக் கிடப்பவர் நோயாளியும் ஏழையும் அல்லரோ?

தலைமை என்பது மேலிருந்து ஏவுதல் அன்று. அறிந்தவன் சொல்லுக்குச் செவிசாய்த்தல். இருக்கையின் உயரத்தால் நிரலின் ஒரு பிழையும் நீங்குவதில்லை!