போர்த்தும் கையும் பறிக்கும் கையும்

ஆடை பற்றி நம்மிடையே எழும் பேச்செல்லாம் ஒரே கேள்வியில்தான் போய் முடிகிறது: அந்தப் பிள்ளை எதை உடுத்திருந்தாள்? பள்ளிவாசல் பிரசங்கத்திலும் பத்திரிகையிலும் கல்யாண வீட்டிலும் அதே கேள்விதான். வேதங்களைப் பொறுமையாக வாசித்தால் இன்னொரு கேள்வி முன்னால் வந்து நிற்கும். போர்த்தியது யார்? பறித்தது யார்? நம் பிள்ளைகளும் பெற்றோரும் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்கப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குக் கிறிஸ்தவ வேதத்தை எடுத்துக்கொள்வதில் ஒரு காரணம் உண்டு. தவ்றாத்தையும் இன்ஜீலையும் அல்லாஹ் அருளினான் என்று ஈமான் கொண்டவர்கள் நாம். இன்றைய பைபிளுக்கும் நமக்கும் இடையே வேறுபாடுகள் உண்டு. ஆனாலும் கல்முனையில் நாம் அடுத்தடுத்து வாழும் மக்கள் வாசிக்கும் நூல் அது. கார்மேல் பற்றிமாவும் உவெஸ்லியும் நமக்குத் தூரத்துப் பெயர்கள் அல்ல. அயலவர் எதை வாசிக்கிறார் என்று அறிவதும் ஒரு கல்விதான்.

ஆதியாகமத்தில் முதல் மனிதரும் அவர் மனைவியும் ஆடையின்றி, வெட்கமும் இன்றி இருக்கிறார்கள். விலக்கப்பட்ட கனியை உண்டபின் நிர்வாணம் அவர்களுக்குத் தெரிகிறது. அத்தி இலைகளைத் தைத்து உடுத்துகிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேற்றப்படும் முன்பு இறைவனே தோலாடை செய்து அவர்களுக்கு உடுத்துகிறான். தண்டனை கொடுக்கும் வேளையிலும் மானத்தைக் காக்கும் இறைவனை அங்கே காண்கிறோம். அல்குர்ஆன் இதே வரலாற்றை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. சூறத்துல் அஃராஃபில் ஆதம் (அலை), ஹவ்வா (அலை) இருவரின் ஆடையைக் களையச் செய்தவன் ஷைத்தான். மானத்தை மறைக்கும் ஆடையை இறக்கித் தந்தவன் அல்லாஹ். தக்வா எனும் ஆடையே மேலானது என்றும் அதே இடத்தில் சொல்லப்படுகிறது. இரண்டு வேதங்களின் விவரமும் வேறு. ஆனால் போர்த்துவது இறைவனின் செயல் என்பதில் இரண்டும் ஒன்று.

பைபிளின் பிற இடங்களிலும் இந்த நூல் ஓடுகிறது. ஏழையின் மேலாடையை அடகுக்கு வாங்கினால் பொழுது சாயும் முன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது யாத்திராகமத்தின் சட்டம். இரவில் அவனுக்கு அதுதான் போர்வை. விதவையின் ஆடையை அடகாக வாங்கவே கூடாது என்கிறது உபாகமம். யூசுப் (அலை) அவர்களின் அங்கியைக் கழற்றிவிட்டுத்தான் சகோதரர்கள் அவரைக் குழியில் போடுகிறார்கள். ஈஸா (அலை) சிலுவையில் அறையப்படவில்லை என்பது நம் நம்பிக்கை. கிறிஸ்தவர்கள் நம்பும் அந்த வரலாற்றிலோ நான்கு சுவிசேஷங்களும் தவறாமல் சொல்லும் ஒரு செய்தி இருக்கிறது: படைவீரர்கள் ஆடைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். உயிரை எடுக்கும் முன் மானத்தை எடுப்பது அக்கிரமக்காரரின் பழைய வழக்கம். இதற்கு எதிர்ப்பக்கத்தில் யோப்பா ஊரின் தொற்காள் நிற்கிறாள். அவள் இறந்தபோது ஊர் விதவைகள், அவள் தங்களுக்குத் தைத்துத் தந்த உடுப்புகளைக் காட்டி அழுதார்கள். தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த மருதமுனைப் பிள்ளைகளுக்கு அந்த அழுகையின் பொருளை விளக்கத் தேவையில்லை.

இவை வெறும் ஏட்டுக் கதைகள் அல்ல. இந்த வேதத்தைக் கையில் எடுத்த ஏழைப் பெண்கள், ஆடைக்காகவே அடிவாங்கிய வரலாறு நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. இன்றைய தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. பனையேறிப் பிழைத்த நாடார் சமூகத்துப் பெண்கள் மேல்சாதியார் முன் மார்பை மூடக்கூடாது. திறந்து நிற்பதே மரியாதை என்பது அங்கே வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களில் பலர் கிறிஸ்தவரானார்கள். தேவாலயத்துக்கும் சந்தைக்கும் உடம்பை மூடிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு அதைச் சொல்கிறது.

1814இல் வந்த ஆணை ஒன்று அவர்களுக்குக் குப்பாயம் எனும் சட்டையை அனுமதித்தது. எத்தகைய குப்பாயம்? சிரியன் கிறிஸ்தவர்களும் சோனகரும் மாப்பிள்ளைமாரும் அணிவது போன்றது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடும் தோள்சீலை மட்டும் கூடாது. சோனகர் என்ற சொல்லை இங்கே கவனியுங்கள். நம் நாட்டு அரச பதிவுகளில் இன்றும் நம்மைக் குறிக்கும் சொல் அது. முஸ்லிம் பெண்ணின் சட்டை அங்கே ஓர் அளவுகோலாக வைக்கப்பட்டது. அந்த அளவுக்கு மூடலாம், அதற்கு மேல் கூடாது! அங்கே பிரச்சினை வெட்கம் பற்றியதே அல்ல என்பது இதிலிருந்து புரியும். சட்டையால் உடம்பு மூடப்பட்டுவிட்டது. பிறகும் ஒரு துண்டுச் சீலை ஆட்சியை உறுத்தியது என்றால், அந்தச் சீலை சொன்ன செய்திதான் காரணம்: நானும் உனக்குச் சமம்.

1829இல் அரச பிரகடனம் தோள்சீலையை மீண்டும் தடுத்தது. 1858, 1859ஆம் ஆண்டுகளில் கலவரம் மூண்டது. சந்தைக்கு வந்த பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்ள்ஸ் டிரெவெலியன் நெருக்குதல் கொடுத்த பின், 1859 ஜூலை 26இல் புதிய பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம், வேறு எவ்விதத்திலும் மூடலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றது அது. முதலில் சோனகர், இப்போது முக்குவர். இரண்டுமே நம் கிழக்குக் கரைக்குப் பழகிய பெயர்கள். உரிமை கொடுக்கும்போதும் உன் இடம் இதுதான் என்று கோடு கிழித்தே கொடுத்தார்கள்.

அதிகாரம் ஆடையைப் பங்கிடுவது மக்காவுக்கும் புதிதல்ல. ஜாஹிலிய்யாக் காலத்தில் வெளியூர்வாசிகள் கஃபாவைத் தவாஃப் செய்யக் குறைஷிகள் தரும் ஆடை வேண்டும். அது கிடைக்காதவர்கள் நிர்வாணமாகச் சுற்றினார்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி அந்த வழக்கம் ஒழிக்கப்பட்டது. இன்று இஹ்ராமில் ஆண்கள் அனைவருக்கும் தைக்கப்படாத இரண்டே துணிகள். அரசனுக்கும் அதே, அடிமைக்கும் அதே.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2024இல் திருகோணமலையில் 70 முஸ்லிம் மாணவிகளின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டன. காதுகள் மறைந்திருந்தன என்பதே சொல்லப்பட்ட காரணம். பரீட்சை மண்டபத்தில் மோசடியைத் தடுக்க வேண்டும்தான். பெண் உத்தியோகத்தர் ஒருவர் தனியாகச் சோதித்தால் அது முடிந்துவிடும். படித்து எழுதிய பிள்ளையின் பெறுபேற்றைப் பணயமாக வைப்பது, ஏழையின் போர்வையை அடகுக்கு வைத்திருப்பது போன்றது. இதை உரத்துச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. திருவிதாங்கூர்ப் பெண்களின் வரலாற்றை அறிந்த பிள்ளை, இது தனக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் என்று எண்ணமாட்டாள். கிறிஸ்தவப் பெண்ணும் இந்துப் பெண்ணும் இதே வாசலில் நின்றிருக்கிறார்கள் என்பதை அறிவாள்.

ஆனால் பறிக்கும் கை எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்று நாம் இருந்துவிடலாகாது. ஒரு பிள்ளையின் படம் கைத்தொலைபேசியிலிருந்து களவு போகிறது, அல்லது யாரோ அதைத் திரித்து வெளியிடுகிறார். அதை வாட்ஸ்அப்பில் அடுத்தவருக்கு அனுப்புகிறவர் என்ன செய்கிறார்? பார்த்துவிட்டு, "அவள் ஒழுங்காக இருந்திருந்தால்..." என்று வீட்டில் பேசுகிறவர் என்ன செய்கிறார்? தொழுகை தவறாதவர்களும் இதில் சேர்கிறார்கள். அந்தப் பிள்ளை தலை முதல் கால் வரை மூடியே இருந்தாலும், நாம் அவளை நடுத்தெருவில் நிறுத்திவிடுகிறோம்.

ஆதியாகமத்தில் நூஹ் (அலை) பற்றி வரும் ஒரு சம்பவத்தை நாம் ஏற்பதில்லை. நபிமார்களின் கண்ணியம் நமக்குப் பெரிது. ஆனாலும் அதிலுள்ள ஒரு செயல் சிந்திக்கத்தக்கது. தந்தை ஆடை விலகிக் கிடப்பதைக் கண்ட ஒரு மகன் வெளியே போய்ச் சொல்கிறான். மற்ற இருவரும் ஒரு துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பார்க்காமல் பின்புறமாகவே நடந்து சென்று மூடுகிறார்கள். நம் மார்க்கமும் இதையே பணிக்கிறது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை இம்மையிலும் மறுமையிலும் அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்தில் நபிமொழி உண்டு.

மாணவிகளே, உங்கள் பர்தா உங்கள் உரிமை, அதற்காக வாதாடுங்கள். அதே வேகத்தில் இன்னொருத்தியின் மானத்துக்காகவும் வாதாடுங்கள், அவள் உங்களைப் போல உடுத்தாதவளாக இருந்தாலும். உம்மாமாரே, வாப்பாமாரே, பிள்ளைக்கு அபாயா வாங்கிக் கொடுப்பதோடு உங்கள் கடமை தீர்ந்துவிடாது. தனக்கு ஒரு இக்கட்டு வந்தால் பயமின்றி முதலில் ஓடிவந்து சொல்லக்கூடிய இடமாக வீடு இருக்க வேண்டும். யாருடைய படமாவது நம் கைக்கு வரும்போது அது நம்மோடு அழியட்டும். தக்வா எனும் ஆடை உடுத்தவர் யார் என்பது அந்த நேரத்தில்தான் தெரியும்.