மீனைக் கடைசியில் வாங்குங்க மக்களே!

இந்தத் தடவை டெபிட், கிரெடிட்டை எல்லாம் ஓரமா வச்சிட்டு மீன் தொட்டி பத்திப் பேசலாம்னு இருக்கேன். வகுப்பில் மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க: "செடி வச்ச தொட்டி ஒண்ணு வைக்கணும், என்ன மீன் வாங்கலாம்?" என் பதில் ஒண்ணுதான். எந்த மீன் வேணா இருக்கட்டும், அதைக் கடைசியில் வாங்குங்க. தொட்டி வாங்கி ஒரு மாசமாவது ஆகட்டும்.

நம்ம ஊர்ல நடக்கிறது அப்படியே தலைகீழ். கொளத்தூர் பக்கம் போனா தெரு முழுக்க வண்ண மீன் கடைதான். தொட்டி, கலர் கல்லு, மோட்டார், ஒரு கொத்து செடி, பத்து மீன், எல்லாம் ஒரே பில். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தண்ணி ஊத்தி, மீனையும் விட்டாச்சு. ஒரு வாரத்தில் நாலு மிதக்கும். "மீன்னா சாகத்தானே செய்யும்"னு சொல்லிட்டு மறுபடி நாலு வாங்குவாங்க.

இல்லைங்க, ஒரு வாரத்தில் சாகிறது மீனோட விதி கிடையாது. கப்பி ரெண்டு வருஷம் வாழும். தங்கமீன் ஒழுங்கா வளர்த்தா பத்து வருஷத்துக்கு மேலேயும் வாழும். அப்புறம் ஏன் சாகுது?

மீன் கழிவிலிருந்தும், மிச்சம் கிடக்கிற தீனியிலிருந்தும் அமோனியா வரும். அது மீனுக்கு விஷம். குளத்தில் இதைக் கவனிக்க பாக்டீரியா இருக்கு. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் கொஞ்சமா இருந்தா மீனுக்கு ஆபத்தில்லை, செடிக்கு அது உரம். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா போதுமான அளவு இருக்காது. மண்ணிலும் ஃபில்டர் பஞ்சிலும் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் நாளே பத்து மீனை விட்டா, அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறுது. அவ்வளவுதான் ரகசியம்.

நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. தண்ணி சூடாகவும் காரத்தன்மையோடும் இருந்தா அதே அளவு அமோனியா இன்னும் கடுமையா வேலை செய்யும். சென்னை வெயில், போர் தண்ணி, ரெண்டையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

தொட்டியில் செடி வைக்கிறது ஒண்ணும் புது ஃபேஷன் இல்லை. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்கிற வேதியியலாளர் 1850-இல் தன் பரிசோதனை பத்தி எழுதினார். ரெண்டு சின்னத் தங்கமீன், வாலிஸ்னேரியா செடி, சில நத்தைகள். செடி ஆக்சிஜன் தரும், அழுகின இலையை நத்தை தின்னும், தண்ணி கெடாது. நாம அந்த யோசனையை விட்டுட்டு அழகுக்கு மட்டும் பிளாஸ்டிக் இலையை வச்சுக்கிட்டோம் :-)

சரி, எப்படி ஆரம்பிக்கிறது?

தொட்டி: ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். சுமார் 56 லிட்டர் பிடிக்கும். கண்ணாடிக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். தண்ணி எவ்வளவு குறைவோ, அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும். தண்ணி மட்டுமே 50 கிலோவுக்கு மேல இருக்கும், அதனால ஆடுற மேஜையில் வைக்காதீங்க.

அடியில்: டயானா வால்ஸ்டாட் 1999-இல் எழுதின புத்தகத்தால் பிரபலமான வழி இருக்கு. ரசாயன உரமோ பூச்சிமருந்தோ கலக்காத சாதாரண மண் ஒரு அங்குலம், அதுக்கு மேல சின்னச் சரளைக்கல் ஒரு அங்குலம். விலை உயர்ந்த இறக்குமதி மண் இல்லாமலே செடி வளரும்.

செடி: முதல் நாளே நிறைய நடுங்க. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா ரெண்டும் நம்ம குளங்களிலேயே இருக்கிற செடிகள், வேகமா வளர்ந்து அமோனியாவை உறிஞ்சும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் ரெண்டையும் மண்ணில் புதைக்காதீங்க, தண்டு அழுகிடும். ஒரு கட்டையில் நூலால கட்டினா போதும். விளக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். அதுக்கு மேல போனா பாசிதான் வளரும்.

தண்ணி: குழாய்த் தண்ணியில் குளோரின் இருந்தா அதை நீக்குற மருந்தை அளவாப் போடுங்க. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணியில் கழுவாதீங்க. குளோரின் பட்டா வளர்த்த பாக்டீரியா எல்லாம் போயிடும். தொட்டித் தண்ணியை ஒரு வாளியில் எடுத்து அதில் அலசுங்க.

அப்புறம் காத்திருக்கணும். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு பாக்டீரியாவுக்கு வேலை கொடுங்க. டெஸ்ட் கிட் வாங்கி, அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி ரெண்டுமே பூஜ்யத்தில் நிற்கிற அன்னிக்கு மீன் கடைக்குக் கிளம்பலாம். ஒரு மாசம் காலித் தொட்டியையா பார்க்கிறதுன்னு கேட்பீங்க. அது காலி இல்லையே! புது இலை வருது, எங்கிருந்தோ ஒட்டிக்கிட்டு வந்த குட்டி நத்தை கண்ணாடியில் ஏறுது. அதையே ரசிக்க முடியலைன்னா மீன் வந்தாலும் பத்து நாளில் அலுத்துடும்.

மீனைத் தேர்ந்தெடுக்கும்போது உங்க வீட்டுத் தண்ணியிலிருந்து ஆரம்பிங்க. உப்பு படியிற போர் தண்ணியா? கப்பி, பிளாட்டி, மோலிக்கு அது பிடிக்கும். கப்பியில் ஆண் மட்டும் ஆறேழு வாங்குங்க, இல்லைன்னா மாசாமாசம் குட்டி போட்டுத் தொட்டி நிரம்பிடும். நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மென்மையான தண்ணியில் வாழுற மீன், போர் தண்ணியில் அதைப் படுத்த வேண்டாம். ஜீப்ரா டேனியோ நம்ம இந்தியா பக்கத்து மீன், ஆறேழு சேர்ந்து ஓடினா அழகே தனி. பெட்டாவில் ஆண் ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு விட்டா அடிச்சுக்கும்.

வேண்டாதது மூணு. தங்கமீன் செடியைப் பிடுங்கும், பெருசாகும். ஆஸ்கர் ஒரு அடி வளரும். டேங்க் கிளீனர்னு விற்கிற மீனும் அப்படித்தான். அது தொட்டியை மீறி வளர்ந்ததும் "பாவம், பிழைச்சுப் போகட்டும்"னு ஏரியில் விடுறாங்க. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இன்னிக்கு நம்ம நீர்நிலைகளில் மீனவர் வலையைக் கிழிச்சுக்கிட்டிருக்கு. அழகுக்குன்னு கொண்டுவந்த ஆகாயத்தாமரையோட கதையும் இதேதான். செடியோ மீனோ, தொட்டியில் இருக்கிறதை ஏரி குளத்தில் விடாதீங்க.

நான் படிக்கிறது காமர்ஸ், அதனால கடைசியா ஒரு கணக்கு. கப்பி ஒரு ஜோடியை டீ வடை காசுக்கு வாங்கிடலாம். விலை கம்மிங்கிறதாலதான் செத்தா வேற வாங்கிக்கலாம்னு தோணுது. அதே மீன் ஐயாயிரம் ரூபாயா இருந்தா நாம எல்லோரும் ஆறு வாரம் காத்திருப்போம், டெஸ்ட் கிட்டும் வாங்குவோம். அமோனியா பட்டா ரெண்டு மீனுக்கும் செவுள் ஒரே மாதிரிதான் எரியும். பில்லில் போட்ட தொகை மீனுக்குத் தெரியாது.

அதனால இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போறவங்க தொட்டி, சரளை, செடி, டெஸ்ட் கிட் மட்டும் வாங்கிட்டு வாங்க. கடைக்காரர் "மீன் வேண்டாமா தம்பி?"ன்னு கேட்பார். அடுத்த மாசம் வர்றேன் அண்ணேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க.