வெள்ளை நிறமும் கேளாச் செவியும்

நாய் நன்றியுள்ள பிராணி என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். அந்தப் பிராணிக்கு நாம் நன்றியுள்ளவர்களாக இருக்கிறோமா என்று எந்த வகுப்பிலும் எவரும் கேட்டதில்லை. இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது பாகூரில் என் மாமா வீட்டில் வளரும் ஒரு ராஜபாளையம் நாய்.

தென்னந்தோப்புக் காவலுக்கென்று மாமா அதை வாங்கினார். பால்போல் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. "அசல் ஜாதி, ஒரு புள்ளிகூடக் கிடையாது" என்று சொல்லி விற்றவர் பெற்றுக்கொண்ட தொகை அத்தைக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. ராஜா என்று பெயரிட்டோம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். திமிர் பிடித்த குட்டி என்றே எண்ணினோம். தீபாவளியன்று தெருவில் சரவெடி வெடித்தபோது மற்ற நாய்களெல்லாம் ஓடி ஒளிய, இது மட்டும் திண்ணையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். விற்ற நாய்க்கோ காதே கேட்கவில்லை!

இது ராஜா ஒருவனின் தலைவிதியன்று. வெள்ளை மிகுந்த பல நாயினங்களில் பிறவிச் செவிடு காணப்படுகிறது. காரணத்தை விலங்கியல் விளக்குகிறது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்செவியிலும் உண்டு. அங்கே அவற்றின் வேலை நிறம் கொடுப்பதன்று. ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் மிதந்திருக்கும் நீரின் உப்புச் சமநிலையைக் காப்பது. கருவில் நிறமிச் செல்கள் உட்செவிவரை சென்று சேராவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே அந்த நுண்மயிர்ச் செல்கள் மடிகின்றன. அவை மீண்டும் முளைப்பதில்லை. அமெரிக்காவில் டால்மேஷியன் நாய்களைச் சோதித்ததில், ஒரு காதாவது கேளாதவை ஏறத்தாழ 30 விழுக்காடு. ஒரு காது மட்டும் கேளாத நாயை வளர்ப்பவரே அறியமாட்டார். அது நல்ல நாயாகவே உலவும், இனப்பெருக்கத்திற்கும் போகும்.

ஆகவே குற்றம் நாயினுடையதன்று. நம் ரசனையினுடையது என்பேன். பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன ஓர் இனத்தை நிறத்துக்காகவும் மூக்குக்காகவும் தேர்ந்தெடுத்தோம். நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்தோம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் அதைச் சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றோடு தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. பெருமைதான். ஆனால் தபால்தலையில் இருக்கும் நாய்க்குக் காது கேட்க வேண்டிய அவசியமில்லை. தோப்பில் இருப்பதற்கு உண்டு.

நவீன மரபியல் இங்கே என்ன செய்ய முடியும்? 2005-ஆம் ஆண்டிலேயே டாஷா என்ற பாக்ஸர் பெண்நாயின் மரபணுத்தொகுதி முழுவதும், ஏறத்தாழ 240 கோடி எழுத்துகள், படித்து வெளியிடப்பட்டது. அதன்பின் சோதனைகள் பெருகின. லாப்ரடாரின் பார்வையைச் சிறுகச் சிறுகப் பறிக்கும் ஒரு விழித்திரை நோயை, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்தே கண்டறியலாம். இது மெண்டல் பட்டாணியில் கண்ட ஒடுங்கு பண்பேதான். நோயைச் சுமந்தும் தான் நோயுறாத நாயை ஒதுக்க வேண்டியதில்லை; குறையற்ற நாயுடன் சேர்த்தால் போதும், குட்டிகளில் ஒன்றுக்கும் பார்வை போகாது. சுமப்பவற்றையெல்லாம் கழித்துக்கட்டினால் இனமே சுருங்கி, வேறொரு நோய் தலைதூக்கும்.

டால்மேஷியனின் இன்னொரு கதை இதனினும் சுவையானது. அந்த இனம் முழுவதற்கும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுதி. அதனால் கல்லடைப்பு வரும். இனத்துக்குள் எங்கு தேடியும் சரியான மரபணு கிடைக்கவில்லை. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலார் ஒரே ஒருமுறை பாயிண்டர் இன நாயுடன் கலந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனுடனேயே சேர்த்துவந்தார். புள்ளியும் வடிவமும் மாறவில்லை, நோய் அகன்றது. 2008-இல் அந்த மரபணுவும் கண்டறியப்பட்டது. ஆயினும் அமெரிக்க நாய்ச் சங்கம் அந்த வழியினரை முழுமனதாக ஏற்றது 2011-இல்தான். சாதித் தூய்மை என்றால் அமெரிக்கருக்கும் கண் மறைக்கும் போலும்!

செவிட்டுத்தன்மைக்கு இவ்வளவு எளிய வழி இல்லை. அது ஒரே மரபணுவின் வேலையன்று. ஒரு துளி உமிழ்நீரில் தெரிந்துவிடாது. எனினும் தலையில் மின்முனை பொருத்தி, காதில் ஒலியெழுப்பி, மூளையின் மறுமொழியை அளக்கும் சோதனை உண்டு. ஐந்தாறு வாரக் குட்டிக்கே செய்யலாம். ஒற்றைக் காதுச் செவிடும் அதில் தப்பாது. தாய், தந்தை, உடன்பிறந்தவை அனைத்தின் முடிவையும் எழுதிவைத்து, அதைப் பார்த்துச் சேர்த்தால் குறை தலைமுறைதோறும் குறையும்.

எழுதிவைப்பது யார்? சைதாப்பேட்டையில் தமிழக அரசு நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவை மூடுமாறு 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நாய்களின் நலன் கருதி எழுந்த வழக்கு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அரசு விலகினால் குட்டி விற்பனை நின்றுவிடுமா? அது சந்தையில் தொடர்கிறது, ஏடும் கணக்கும் இன்றி. தெருவில் இத்தனை நாய்கள் இருக்க ஜாதி நாய் எதற்கு என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. லாஸ்பேட்டையில் மாலை நடை போகிற எவருக்கும் அந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். ஆயினும் வாங்குவோர் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். செவிடாய்ப் பிறக்கும் குட்டிக்கு இந்த விவாதத்தால் என்ன பயன்?

நம் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுவையில் வளரும் நாட்டு நாய்களுக்கு அங்கே ஒரு பதிவேடு தொடங்கலாம். செவிச் சோதனை முடிவும் வம்சாவளியும் அதில் ஏறட்டும். வீடுவீடாகச் சென்று விவரம் திரட்ட நம் விலங்கியல் மாணவர்கள் போகலாம். நான் வரத் தயார்.

ராஜா இப்போது தரையைக் காலால் தட்டினால் திரும்பிப் பார்க்கிறான். இரவில் டார்ச் விளக்கை இருமுறை அசைத்தால் ஓடிவருகிறான். தோப்புக்கு மாமா இன்னொரு குட்டி தேடுகிறார். நிறம் எதுவானாலும் சரி, தாய் தந்தை இரண்டுக்கும் காது சோதித்த சீட்டு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை மூன்று இடங்களில் கேட்டிருக்கிறார். மூன்றிலும் சிரித்தார்களாம்.