அஞ்சு ரூபாய் காசுக்கு அஞ்சு லட்சமா? அச்சுப்பிழை நாணயத்தைக் கண்டறிவது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிய மீதிச் சில்லறையில் வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் காசு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ் ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள், 'இந்தக் காசு உங்ககிட்ட இருக்கா? நீங்கதான் லட்சாதிபதி' என்று செல்போனில் ஒரு வீடியோ வந்து நிற்கும். அதிலுள்ள எண்ணுக்குப் பேசினால், காசைக் காட்டுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. பதிவுக் கட்டணம் கட்டுங்க, கமிஷன் கட்டுங்க, வரி கட்டுங்க என்கிறார்கள்.

அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம். காசு வாங்குகிறவன்தானே பணம் தரணும்? இப்படித் தன் பெயரையும் முத்திரையையும் காட்டி நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. அந்த வைஷ்ணவ தேவி காசும் 2012-இல் புழக்கத்துக்கு விடப்பட்ட சாதாரண நினைவு நாணயம்தான்.

பிழையே இல்லாததைப் பிழை என்று நம்புகிறவர்களும் நிறைய. ஆண்டு எண்ணுக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, வைரக் குறி என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. 'குறி விட்டுப்போன அபூர்வக் காசு' அல்ல. ரூபாய்க் குறியீடு இல்லாத பத்து ரூபாயும் அப்படித்தான், குறியீடு வருவதற்கு முன்பு அடித்தது.

நிஜமான அச்சுப்பிழை நாணயச்சாலை இயந்திரத்தில் நடப்பது. அதன் தடயம் உலோகத்திலேயே இருக்கும். தகட்டில் ஏற்கெனவே விழுந்த ஓட்டையின் மேல் வெட்டும் கருவி மறுபடி இறங்கினால், வில்லையில் பிறை போல ஒரு கடி விழும். அந்தக் கடிக்கு நேர் எதிர்ப்பக்கம் விளிம்பு மேடு மங்கியிருப்பது வழக்கம். அரத்தால் ராவிய காசில் எதிர் விளிம்பு ஜோராக இருக்கும். அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு பக்கம் அதே படம் கண்ணாடிப் பிம்பமாகக் குழிந்து பதியும். மறுபக்கம் பளிச்சென்று இருக்கும். இரண்டு காசைச் சேர்த்து வைஸில் இறுக்கினாலும் குழி விழும். ஆனால் மறுபக்கம் நசுங்கிவிடும்.

இரண்டு பக்கமும் சிங்கமுகம் உள்ள காசு? பெரும்பாலும் லேத்து வேலை. ஒன்றைக் குடைந்து இன்னொன்றைச் செருகுவார்கள். லென்ஸ் வைத்து விளிம்பின் உள்ஓரத்தைப் பார்த்தால் இணைப்புக் கோடு தெரியும். சுண்டினால் 'டிங்' வராது, 'டொக்'தான்.

எடையும் பாருங்கள். நகைக்கடைத் தராசு போதும். பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம், 1992-இல் வந்த எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். காசைப் புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். பளபளக்கும், சேகரிப்பாளர் தரும் விலை விழுந்துவிடும்.

நல்ல பிழைக் காசுக்கு முகமதிப்பைவிடக் கூடுதலாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காசைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். உடனே 1930-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு வேறு கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும்.